கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: குடும்பத்தோடு லண்டன் போகிறீர்கள், கையில் நாலு நாள்தான், பன்னிரண்டு வயது மகனுக்குக் கப்பல் என்றால் உயிர். கிரீனிச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளைக் கொடுக்கலாமா, கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாத உங்கள் இருவருக்கும் அங்கே என்ன இருக்கிறது? ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது கடைசி வரியில் இருக்கிறது. "நம்மை ஆண்டவர்கள் தங்கள் கடற்படைப் பெருமையை அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் போய் நாம் ஏன் வாய் பிளந்து நிற்க வேண்டும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் மற்றதற்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் தூத்துக்குடிக்காரன். வணிகக் கப்பலில் கேடட்டாக ஏறி, கேப்டனாக ஓய்வு பெற்றவன். இப்போது மகள் வீடு லண்டனில் இருப்பதால் ஊரிலிருந்து வருகிறவர்களை கிரீனிச்சுக்கு அழைத்துப் போவது என் வேலையாகிவிட்டது. கப்பல், திசையறிதல், கருவிகள் இவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தொழிலறிவாக எடுத்துக்கொள்ளலாம். வரலாறு எனக்குப் படித்து வந்தது. ஓவியம் பற்றிச் சொல்வது ஒரு கப்பல்காரனின் பார்வை மட்டுமே.

போங்கள், கட்டாயம் போங்கள் என்பதுதான் என் பதில். அந்தக் கட்டடத்தில் இரண்டு குரல்கள் பேசுகின்றன. 1934இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகி, 1937 ஏப்ரலில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த அருங்காட்சியகம் அது. ஜேம்ஸ் கேர்ட் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் முதலாளி கொடுத்த பணமும் சேகரிப்பும்தான் அதன் அடித்தளம். அந்தக் காலத்துக் குரல் பெருமையின் குரல்: தளபதிகள், வெற்றிகள், பொன்முலாம் பூசிய அரச படகுகள். 2007இல் அட்லான்டிக் அடிமை வணிகத்துக்கென்று ஒரு கூடம் வந்தது, 2011இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கூடம், 2018இல் பசிபிக், துருவம் உள்பட நாலு புதிய கூடங்கள். இந்தக் குரல் வேறு. யார் செலவில் இதெல்லாம் நடந்தது என்று அது கேட்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கேட்கக் கிடைப்பது அரிது. பெருமையை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும், கோபத்தை மட்டும் சுமந்துகொண்டு வந்தாலும் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். இத்தனை தூரத்திலிருந்த சின்னத் தீவுக்காரர்கள் நம் கடற்கரைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள், எப்படித் திரும்பத் திரும்ப வர முடிந்தது என்ற கேள்விக்கு அங்கே பித்தளையிலும் மரத்திலும் பதில் இருக்கிறது.

அந்தப் பதில் அருங்காட்சியகத்தின் பிரதானக் கட்டடத்தில் இல்லை, பின்னால் குன்றின் மேல் இருக்கும் ராயல் ஆப்சர்வேட்டரி என்ற பழைய வானாய்வு நிலையத்தில் இருக்கிறது. நிர்வாகம் ஒன்றுதான், ஆனால் கீழே அருங்காட்சியகம் இலவசம், மேலே டிக்கெட். எல்லோரும் மேலே போய் தரையில் பதித்த தீர்க்கரேகைக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கோட்டில் நின்று உங்கள் மகன் போனில் ஜிபிஎஸ் பார்த்தால் சுழியம் காட்டாது. இன்றைய செயற்கைக்கோள் கணக்கில் சுழியக் கோடு அங்கிருந்து சுமார் 102 மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் போகிறது. பழைய கோடு புவியீர்ப்பின் செங்குத்துத் திசையை நம்பி வரையப்பட்டது, புதியது பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிட்டது. அதனால் வந்த வித்தியாசம். ஆனால் அங்கே நீங்கள் நிற்க வேண்டிய இடம் கோடு அல்ல, ஜான் ஹாரிசன் செய்த கடிகாரங்களின் முன்னால்.

கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைக் கண்டுபிடிப்பது பழைய காலத்திலிருந்தே பெரிய சிக்கல் இல்லை. நண்பகல் சூரியனின் உயரத்தையோ துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். கிழக்கு மேற்குதான் சிக்கல். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது, அதாவது மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கப்பல் இருக்கும் இடத்தில் மணி என்ன என்று சூரியன் சொல்லும். அதே நொடியில் புறப்பட்ட ஊரில் மணி என்ன என்று தெரிந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகை. ஆனால் அந்த ஊர் நேரத்தைக் கப்பலில் தூக்கிக்கொண்டு போவது எப்படி? ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் ஓடாது. வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும், எண்ணெய் உறையும். பூமத்திய ரேகையில் ஒரு நிமிடப் பிழை என்றால் 15 கடல் மைல் பிழை. இரவில் பாறைக் கரையை நெருங்கும்போது 15 மைல் என்பது உயிர்.

1707 அக்டோபரில் அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷவலின் கப்பல் படை இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள சில்லி தீவுப் பாறைகளில் மோதி நாலு கப்பல்கள் போயின. செத்தவர்கள் ஆயிரத்து நானூறிலிருந்து இரண்டாயிரம் வரை என்று கணக்கு வேறுபடுகிறது. ஏழு ஆண்டு கழித்து, 1714இல், தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று சட்டம் வந்தது. இதுவரை உறுதி. ஆனால் கைடுகள் சொல்லும் இரண்டு விஷயங்களை அப்படியே நம்ப வேண்டாம். விபத்துக்கு முன் "நாம் தப்பான இடத்தில் இருக்கிறோம்" என்று எச்சரித்த ஒரு சாதாரண மாலுமியை அட்மிரல் தூக்கில் போட்டார் என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை. தீர்க்கரேகை தெரியாததால் மட்டுமே விபத்து நடந்தது என்பதும் முழு உண்மை இல்லை. தப்பிய கப்பல்களின் பதிவேடுகளைப் பின்னால் ஆராய்ந்தபோது அட்சரேகைக் கணக்கிலேயே பெரிய பிழைகள் இருந்தன. விபத்துக்கு ஒரே காரணம் சொல்பவர்களைக் கப்பல்காரர்கள் நம்புவதில்லை. எந்த விசாரணையிலும் மூன்று நாலு காரணங்கள் சேர்ந்தே வரும்.

ஹாரிசன் தச்சர் வீட்டுப் பிள்ளை. கடிகார வேலையைத் தானே கற்றவர். முதல் கடிகாரத்தை, எச்1 என்பார்கள், அவர் 1735இல் முடித்தார். சுமார் 34 கிலோ எடை, பித்தளைக் கூண்டு போல நிற்கும். மேலே இரு முனையிலும் குண்டு வைத்த இரண்டு தண்டுகள் ஒன்றுக்கொன்று எதிராக ஆடுவதைப் பாருங்கள். இரண்டையும் சுருள்வில்கள் இணைக்கின்றன. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு தண்டு பெறும் தள்ளலை மற்றது கழித்துவிடும். சில பல்சக்கரங்கள் ஓக் மரத்தில் செய்தவை. தேய்மான இடங்களில் தானே எண்ணெய்ப் பசை உள்ள மரத்தை வைத்தார், அதனால் எண்ணெய் விட வேண்டாம். அந்த எச்1 இன்றும் ஓடுகிறது. உங்கள் மகனை அதன் முன் ஒரு பத்து நிமிடம் சும்மா நிற்க விடுங்கள். 1736இல் அதை லிஸ்பனுக்குக் கப்பலில் ஏற்றிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது, கண்ணில் பட்ட கரை எது என்பதில் கப்பல் அதிகாரிகள் சுமார் 60 மைல் தவறியிருந்தார்கள். ஹாரிசன் சொன்னதே சரியாக இருந்தது.

அதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எச்2 வந்தது, அதில் குறை கண்டு ஒதுக்கினார். எச்3க்குப் பத்தொன்பது ஆண்டு உழைத்தார். வெப்பத்துக்கு ஏற்ப வளையும் இரட்டை உலோகப் பட்டையும், கூண்டுக்குள் உருளும் பேரிங்கும் அதில் பிறந்தவைதான். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் மின்விசிறியிலும் இன்றும் அவற்றின் வழித்தோன்றல்கள் இருக்கின்றன. பிறகு 1759இல் முடிந்த எச்4ஐப் பாருங்கள். இத்தனை பெரிய கூண்டுகளுக்குப் பிறகு, 13 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பெரிய சட்டைப்பைக் கடிகாரம். 1761 கடைசியில் அவர் மகன் வில்லியம் அதை எடுத்துக்கொண்டு ஜமைக்கா போனார். எண்பத்தொரு நாள் கழித்து அது சுமார் ஐந்து நொடிதான் பின்தங்கியிருந்தது. பரிசு விதி கேட்டது அரைப் பாகைக்குள், அதாவது இரண்டு நிமிடத்துக்குள். எச்4 மட்டும் ஓடாமல் நிற்கும். அதற்கு எண்ணெய் தேவை, ஓடவிட்டால் தேயும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பரிசுப் பணத்தை முழுசாகக் கொடுக்க, பரிசுக்குப் பொறுப்பான வாரியம் இழுத்தடித்தது உண்மை. கடைசியில் 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுன் கொடுத்தது. ஆனால் அரச வானியலாளர் நெவில் மாஸ்கெலைனை இந்தக் கதையின் வில்லனாக்குவது எனக்கு உடன்பாடில்லை. அவர் நம்பியது நிலவின் இருப்பை நட்சத்திரங்களோடு அளந்து நேரம் காணும் முறையை. அதற்காக 1767 முதல் அவர் வெளியிட்ட நாட்டிகல் அல்மனாக், அதாவது சூரியன், நிலவு, நட்சத்திரங்களின் இருப்பைச் சொல்லும் ஆண்டுப் பட்டியல் நூல், இல்லாமல் நாங்கள் ஒருவரும் கடலில் கணக்குப் போட்டிருக்க முடியாது. கடிகாரம் விலை அதிகம், எல்லாக் கப்பலுக்கும் கிடைக்க ரொம்ப காலம் ஆனது. அதுவரை அல்மனாக்தான் ஏழைக் கப்பலின் துணை. நான் கேடட்டாக இருந்தபோதுகூட இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. வரைபட அறையில் மெத்தை வைத்த பெட்டிக்குள் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரம், அதைத் தினமும் ஒரே நேரத்தில் செகண்ட் ஆபீசர் மட்டும் சாவி கொடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. உயரக் கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியில் சூரியனை மெல்ல இறக்கி அதன் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடும் நொடியில் நான் குரல் கொடுக்க, உள்ளே ஒருவர் நொடியைக் குறிப்பார். பிறகு அல்மனாக்கைப் புரட்டிக் கணக்கு. ஜிபிஎஸ் வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

மகனுக்குச் சொல்ல இன்னொரு கடிகாரக் கதை உண்டு. எச்4இன் வழியில் லார்க்கம் கெண்டால் என்பவர் செய்த முதல் கடிகாரத்தைத்தான் கேப்டன் குக் தன் இரண்டாவது பயணத்தில் கொண்டுபோனார். கெண்டாலின் இரண்டாவது கடிகாரம் பவுன்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் போனது. 1789இல் கலகம் செய்த மாலுமிகள் அதையும் பிட்கேர்ன் தீவுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். 1808இல் ஒரு அமெரிக்கக் கப்பல் தலைவனின் கைக்கு வந்து, பல கை மாறி, 1840களில் இங்கிலாந்துக்குத் திரும்பியது. அதுவும் கிரீனிச் சேகரிப்பில்தான் இருக்கிறது.

இதில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் மெட்ராஸில், நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வு நிலையம் கட்டியது. கரையோர வரைபடத்துக்கும் கப்பல்களுக்கும் மெட்ராஸின் தீர்க்கரேகை துல்லியமாக வேண்டும் என்பதே நோக்கம். இந்தியாவை அளந்த பெரிய முக்கோண அளவைப் பணிக்கும் அதுவே ஆதாரப் புள்ளியானது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. மெட்ராஸ் கிரீனிச்சுக்குக் கிழக்கே எண்பதே கால் பாகை. 15ஆல் வகுத்தால் 5 மணி 21 நிமிடம். 1906இல் இந்திய நேரம் வரும்வரை இந்திய ரயில்கள் ஓடியது இந்த மெட்ராஸ் நேரத்தில்தான். கோட்டின் மேல் நின்று மகனை இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

இனிக் கீழே இறங்குங்கள். பிரதானக் கட்டடத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் மத்தியானத்துக்குள் கால் ஓய்ந்துவிடும். நான் முதலில் காட்டுவது பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் மேல்சட்டையை. 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் போரில் அவர் போட்டிருந்த அதே நீலச் சட்டை. பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது அதன் சின்ன அளவு. இடது தோளில், தோள்பட்டைச் சின்னத்தை ஒட்டி, துப்பாக்கிக் குண்டு நுழைந்த ஓட்டை. வலது கை 1797இலேயே டெனெரிஃப் சண்டையில் போய்விட்டது. காலியான கைப்பகுதியை மார்போடு சேர்த்து மாட்டிக்கொள்ள ஒரு சிறு கண்ணி தைத்திருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். கூட்டம் குண்டு ஓட்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அந்த மனிதர் பக்கத்தில் நிற்பது போலத் தோன்ற வைப்பது அந்தக் கண்ணிதான்.

சட்டை நிஜம், ஓட்டை நிஜம், பிரெஞ்சுக் கப்பல் ரெடூட்டாபிளின் பாய்மர மேடையிலிருந்து வந்த குண்டு என்பதும் உறுதி. மார்பில் உள்ள நாலு நட்சத்திரச் சின்னங்கள் உலோகப் பதக்கங்கள் அல்ல, இழையால் தைத்தவை. அவை மின்னியதால்தான் குறிபார்த்துச் சுட்டார்கள் என்ற கதை சந்தேகத்துக்குரியது. பீரங்கிப் புகைக்கு நடுவே, ஆடும் கப்பலின் மேலிருந்து சுட்டவனுக்கு எதிரில் யார் என்று தெரிந்திருக்குமா என்பதே கேள்வி. துணியில் உள்ள இரத்தக் கறையில் பெரும்பகுதி நெல்சனுடையதல்ல, சற்று முன் பக்கத்தில் குண்டடிபட்டுச் செத்த அவர் செயலாளர் ஜான் ஸ்காட்டுடையது என்று கருதுகிறார்கள். நெல்சனைப் பற்றி நம் பக்கத்துச் செய்தி ஒன்று: பதினைந்து வயதில் பயிற்சி அதிகாரியாக அவர் சீஹார்ஸ் என்ற கப்பலில் கிழக்கே வந்தார். 1774இல் அந்தக் கப்பல் மெட்ராஸ் கடலில் நங்கூரம் போட்டது. காய்ச்சலில் எலும்பும் தோலுமாகி 1776இல் அவர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். திருகோணமலையைப் பார்த்து "உலகின் சிறந்த துறைமுகம்" என்று அவர் சொன்னதாக எல்லாரும் எழுதுகிறார்கள். அதைச் செவிவழிச் செய்தி என்ற அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் அந்தப் பாராட்டுக்குத் தகுதியானது என்பதை மட்டும் என் அனுபவத்தில் சொல்வேன்.

ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த டிரஃபால்கர் போர் ஓவியமும் கிரீனிச் சேகரிப்பில் இருக்கிறது. சுவரை அடைக்கும் அளவு, மூன்றரை மீட்டருக்கு மேல் அகலம். நாலாம் ஜார்ஜ் மன்னர் கேட்டு வரைந்தது, 1824இல் முடிந்தது. கடற்படைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. காலையில் ஏறிய கொடி சமிக்ஞை, மதியம் விழுந்த பாய்மரம், பிற்பகலில் எரிந்த கப்பல் எல்லாம் ஒரே காட்சியில் இருக்கின்றன. தொழில்முறையில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் படத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். முன்னால் பெரிதாகத் தெரிவது தளபதி அல்ல, தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் பெயரில்லாத மாலுமிகள். மன்னர் காசு கொடுத்து வாங்கிய வெற்றிப் படத்தில் அவர்களை முன்னால் வைத்த டர்னரை எனக்குப் பிடிக்கும்.

அட்லான்டிக் கூடத்துக்கு மகனை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம், பன்னிரண்டு வயது போதும். பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றியவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல் என்று இன்றைய ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். வழியிலேயே செத்தவர்கள் லட்சக்கணக்கில். 1807இல் வணிகத்தைத் தடை செய்தார்கள், அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. அங்கே நிற்கும்போது ஒரு விஷயத்தை மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த சரக்குகளில் முக்கியமானது துணி. அதில் பெரும் பங்கு குஜராத்திலும் நம் சோழமண்டலக் கரையிலும் நெய்த பருத்தித் துணி. புதுச்சேரியின் நீலத்துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கிராக்கி இருந்தது. நெய்தவனுக்குத் தன் துணி எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, அவனுக்குக் கிடைத்ததும் சொற்பக் கூலிதான். ஆனால் "அவர்கள் வரலாறு, நமக்கென்ன" என்று ஒதுங்கிப் போக முடியாது. வெளியே தோட்டத்தில், பெரிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் நெல்சனின் விக்டரி கப்பல் நிற்கும். யின்கா ஷோனிபாரே என்ற கலைஞரின் வேலை. பாய்கள் எல்லாம் பூப்போட்ட வண்ணத் துணி. ஜாவாவின் பாட்டிக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அச்சடித்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்ற வகை அது. கூடத்தைப் பார்த்த பிறகு அதைப் பாருங்கள், முன்னால் வேண்டாம்.

கம்பெனிக்கென்று கூடம் திறந்தபோதும் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. தேயிலையும் பீங்கானும் தளபதிகளும் நிறைய, கப்பலை ஓட்டிய ஆசிய மாலுமிகள் கொஞ்சம். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட அவர்கள் இல்லாமல் நீராவிக் கால பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருக்காது. முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் லஸ்கர்கள் இருந்தார்கள். சில்ஹெட், சிட்டகாங், கொங்கணம், குஜராத், கோவா ஆட்கள் அதிகம். கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளியவர்கள் அவர்கள். சாரங்கு ஒருவர் மொத்தக் கூட்டத்துக்கும் ஆள் பிடித்து, மேய்த்து, கமிஷனும் எடுத்தார். வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்த கூலியில் ஒரு பகுதிதான் இவர்களுக்கு. படுக்க ஒதுக்கிய இடமும் சட்டப்படியே குறைவு. நான் கப்பலில் சேர்ந்தபோதும் டெக்கில் தலைமை ஆளைச் சாரங்கு என்றுதான் கூப்பிட்டோம், அவரிடம்தான் கயிறு பிடிக்கக் கற்றேன். அருங்காட்சியகத்தில் இவர்களைப் பற்றிய படமோ குறிப்போ கண்ணில் பட்டால் கடந்து போகாமல் நின்று படியுங்கள்.

பசிபிக் கூடத்தில் துபாயா என்ற பெயரைத் தேடுங்கள். குக்கின் முதல் பயணத்தில், 1769இல், டஹிட்டியிலிருந்து கப்பலில் ஏறிய மீகாமன். கடிகாரம், செக்ஸ்டன்ட், காகிதம் எதுவும் இல்லாமல் பல்லாயிரம் மைல் கடலில் எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை மனத்தில் வைத்திருந்தவர். 1770இல் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், நோயில் இறந்தார். ஹாரிசனைப் பார்த்து வியந்த பிறகு இவரைப் பார்ப்பது நல்லது. கடலில் வழி கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு என்ற எண்ணம் போய்விடும்.

துருவக் கூடத்தில் ஜான் ஃபிராங்க்ளின் என்ற கடற்படை அதிகாரி தலைமையேற்ற பயணத்தின் மிச்சங்கள் இருக்கும். 1845இல் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் 129 பேர் வட கனடாவின் பனிக்கடலுக்குள் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. கப்பலைக் கைவிட்டு 105 பேர் நடந்தார்கள் என்று 1848 ஏப்ரலில் எழுதி வைத்த ஒரே தாள் கிடைத்தது. பட்டினியில் மனித மாமிசம் தின்றார்கள் என்று அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்கள் சொன்னதாக ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி 1854இல் தெரிவித்தபோது லண்டன் சமூகம் அவரையும் இனூயிட்களையும் திட்டித் தீர்த்தது. பின்னாளில் எலும்புகளில் கத்திக் கீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கப்பல்கள் கிடந்த இடமும் இனூயிட் வாய்மொழியின் திசையிலேயே 2014, 2016 ஆண்டுகளில் தெரியவந்தது. ஃபிராங்க்ளின் ஆட்களைக் கொன்றது டப்பா உணவின் ஈயமா, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியா, வேறு நோயா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு.

கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் கப்பல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1869இல் சீனத் தேயிலைக்காகக் கட்டிய வேகப் பாய்க்கப்பல். அதே ஆண்டு சூயஸ் கால்வாய் திறந்ததால் தேயிலை ஓட்டத்தை நீராவிக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன, இது ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றப் போனது. தனி டிக்கெட். உங்கள் மகன் நிஜக் கப்பலின் அடியில் நின்று செம்புக் கலவைத் தகட்டை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றால் போங்கள். ஆனால் ஆப்சர்வேட்டரி, கட்டி சார்க் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் குன்று ஏறுங்கள்.

அந்த ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு ஆப்சர்வேட்டரி. பிறகு குன்றின் சரிவில் பூங்காவில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு மணிக்கு ஆப்சர்வேட்டரியின் கூரையில் சிவப்புப் பந்து ஒன்று விழும். ஆற்றில் நிற்கும் கப்பல்கள் குரோனோமீட்டரைச் சரிபார்க்க 1833இல் வைத்தது. அதன் பிறகு மாலை ஐந்து மணி வரை அருங்காட்சியகம். சீரமைப்புக்காகக் கூடங்களை மூடுவதும் பொருள்களை இடம் மாற்றுவதும் உண்டு, அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவர்கள் இணையதளத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஹாரிசன் கடிகாரங்கள் அன்று காட்சியில் இல்லை என்று தெரிந்தால் போகும் தேதியையே மாற்றுங்கள்.

போகும்போது ரயிலில் போங்கள், திரும்பும்போது கிரீனிச் படகுத்துறையிலிருந்து லண்டன் டவர் கோட்டைப் பக்கம் போகும் படகைப் பிடியுங்கள். இடது பக்கம் முதலில் வருவது டெப்ஃபோர்ட், கம்பெனியின் தொடக்ககாலக் கப்பல் பட்டறை இருந்த இடம். பிறகு வலது பக்கம் உட்காருங்கள். கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடம் 1802இல் திறந்த மேற்கிந்தியத் துறைகள், அடிமைகள் விளைவித்த சர்க்கரை இறங்கிய இடம். அதை அடுத்து லைம்ஹவுஸ். வேலை முடிந்து ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமல் தெருவில் நின்ற ஆசிய மாலுமிகளுக்காக 1857இல் ஒரு விடுதி அங்கே திறந்தார்கள். அந்தக் கட்டடம் இப்போது இல்லை.